சங்கக் கூடத்தை இழுத்துப் போனோம்

என் அண்ணன் ஆல்மன் தர்லோவைப் பற்றி நல்லபடியாகப் பேசுகிறவர்கள் இப்போது ஊரில் பெருகிவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் அன்று பிறக்கவே இல்லை. மீதிப் பேர் என்னோடு சேர்ந்து சங்கிலி பிடித்தவர்கள். இன்று பிடிக்காத மாதிரி பேசுகிறார்கள். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

லார்ச் ஹில்லில் உழவர் சங்கம் தொடங்கியது ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்தாம் ஆண்டு. கிரேஞ்சு என்று பெயர். மெய்ன் மாநிலத்தின் வட கோடியில் அப்போது ரயில்காரன் வைத்ததுதான் சரக்குக் கூலி, வியாபாரி சொன்னதுதான் விலை. தனித்தனியாகப் போய்க் கேட்டவர்களை அவர்கள் வாசலிலேயே நிறுத்திவைத்துப் பேசி அனுப்பினார்கள். ஆகவே நாற்பது குடும்பங்கள் ஒன்று சேர்ந்தோம். உள்ளே வர ரகசியச் சொல் உண்டு, தோளில் பட்டை உண்டு, ஒருவரையொருவர் சகோதரர், சகோதரி என்றுதான் அழைக்க வேண்டும். பாதிரியார் இதைப் பிசாசு வேலை என்று பிரசங்கம் செய்தார். அடுத்த மாதமே அவர் மனைவி வந்து சேர்ந்தாள். பெண்களுக்கும் ஓட்டு இருந்ததுதான் காரணம். மெய்னில் வேறு எங்கே எங்கள் கையை எண்ணினார்கள்?

கூடம் கட்டியது எண்பத்தொன்றில். மரம் எல்லோருடையது, ஆணி எல்லோருடையது. கூரைக்கு ஓடு பாவியதில் பாதி என் கணவர் ஹைரம் செய்தது. அடுத்த மழைக்காலத்தில் அவர் நுரையீரல் காய்ச்சலில் போய்விட்டார். நிலம் மட்டும் ஆல்மன் கொடுத்தது. மேடையில் நின்று, "இந்தக் கால் ஏக்கரை எடுத்துக்கோங்க, இனி இது உங்களுது" என்றான். நாங்கள் கைதட்டினோம். பத்திரம் எழுதித் தரும்படி ஒருவரும் கேட்கவில்லை. சகோதரனிடம் பத்திரம் கேட்பது அவமரியாதை என்று நினைத்தோம். அதற்கு அடுத்த ஆண்டு அவனைத் தலைவனாக்கினோம். பதினோரு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தான்.

தொண்ணூற்று மூன்றில் உருளைக்கிழங்கு அமோகமாக விளைந்தது. எங்கள் கிழங்கில் பெரும்பகுதி பன்னிரண்டு மைல் தள்ளி இருந்த ஆலைக்குத்தான் போகும். அங்கே அரைத்துத் துணிக்குப் போடும் கஞ்சிமாவு எடுப்பார்கள். விளைச்சலைப் பார்த்ததும் ஆலைக்காரன் விலையைப் பாதியாகக் குறைத்தான். அக்டோபர் கூட்டத்தில் ஆல்மன் எழுந்து, பழைய விலை வரும்வரை யாரும் ஒரு பீப்பாய்கூட விற்கக் கூடாது என்று பேசினான். அவன் பேசினால் கேட்கலாம்; அந்தத் திறமை இருந்தது. முதலில் கை தூக்கியதும் அவன்தான். பிறகு எல்லோரும் தூக்கினோம். நானும் தூக்கினேன். எனக்குப் பன்னிரண்டு ஏக்கர், ஒரு குதிரை, வீட்டுக்குக் கீழே ஒரு நிலவறை. நிலவறை நிறையக் கிழங்கு.

நவம்பர் முழுவதும் காத்திருந்தோம். அந்த ஆண்டு குளிர் சரியாகப் பிடிக்கவில்லை. கிழங்கு நிலவறையில் வியர்த்தது, பிறகு நாறியது. நான் தினமும் கீழே இறங்கி அழுகினதைப் பொறுக்கி எடுத்துப் பன்றிக்குப் போட்டேன். ஆலைக்காரன் ஏன் அசையவில்லை என்று ஒருவருக்கும் புரியவில்லை.

டிசம்பர் முதல் வாரம் ஓரின் பீஸ்லி கலப்பைக் கொழு வாங்க அந்த ஊருக்குப் போனார். ஓரின் வாய் குறைந்த மனிதர், நாற்சந்திக்குப் பக்கத்தில் வீடு. ஆலை முற்றத்தில் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்த காலிப் பீப்பாய்களைப் பார்த்தார். ஒவ்வொன்றின் மூடியிலும் சூட்டுக்கோலால் ஆல்மனின் பெயர்.

டிசம்பர் கூட்டத்தில்தான் ஆண்டுத் தேர்தல். கதவைச் சாத்தி, ரகசியச் சொல் கேட்டு முடித்ததும் ஓரின் எழுந்தார்.

"மதிப்புக்குரிய தலைவரே, ஒரு கேள்வி. ஆலையில கெடக்கிற பீப்பாய் உங்களுதா?"

ஆல்மன் மறுக்கவே இல்லை. அதுதான் என்னை இன்றும் எரிச்சல்படுத்துகிறது. தோளில் தலைவர் பட்டையோடு உட்கார்ந்தபடி, "என்னுதுதான். என் கெழங்கு, என் வண்டி. அழுகவிட்டுட்டு வேடிக்க பாக்கச் சொல்றீங்களா?" என்றான். அக்டோபர் கடைசியிலேயே விற்றுவிட்டானாம். பெரிய பண்ணைக்காரனான அவன் ஒருவனுடைய கிழங்கே ஆலைக்குக் கிறிஸ்துமஸ் வரை போதுமானதாக இருந்தது. ஆலைக்காரன் எதற்கு எங்களைத் தேடி வருவான்?

கூடத்தில் சத்தம் எழும்பியது. அதற்கு நடுவில் ஓரினின் மனைவி ஹல்டா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணங்காரன் வித்தது தங்கச்சிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கேட்டுப் பாருங்க, அவ நெலவறையும் காலியாத்தான் இருக்கும்" என்றாள்.

அன்று காலையில் அழுகல் பொறுக்கிய நாற்றம் என் கையில் இன்னும் இருந்தது. நான் எழுந்து ஹல்டாவிடம் பேசவில்லை, மேடையைப் பார்த்துத்தான் பேசினேன்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ வித்திருப்பியா, சகோதரி?" சகோதரி என்ற சங்கச் சொல்லை அவன் இழுத்துச் சொன்னான், பின் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"வித்திருக்க மாட்டேன்."

"அப்புறம் சொல்லி என்ன ஆகப்போவுது? உக்காரு."

நான் உட்காரவில்லை. விற்றிருக்க மாட்டேன் என்று அவ்வளவு பேர் முன்னால் சொன்னேனே, அது நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவனுக்குத் தெரிந்திருக்கலாம். சின்ன வயதிலிருந்து என்னைப் பார்த்தவன். அதனாலேயே அந்த நிமிஷத்தில் அவன்மேல் எனக்கு வந்த வெறுப்புக்கு அளவில்லை.

தலைவர் பதவிக்கு என் பெயரை முன்மொழிந்தது ஓரின். ஹல்டா வழிமொழிந்தாள், கணவர் முன்மொழிந்த பிறகு அவளுக்கு வேறு வழியில்லை. சீட்டு எழுதிப் போட்டார்கள். முப்பத்தொன்று எனக்கு, ஒன்பது அவனுக்கு. ஆல்மன் பட்டையைக் கழற்றி மேஜைமேல் போட்டான். உறுப்பினர் பட்டியலில் தன் பெயரை அடித்துவிடச் சொன்னான். கதவருகே நின்று, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே, "நீங்க நிக்கிற தரை என்னுது. மறந்துடாதீங்க" என்றான்.

அடுத்த கூட்டத்துக்குப் போனபோது கதவில் குண்டுப் பூட்டு தொங்கியது. உள்ளே எங்கள் அடுப்பு, எங்கள் பியானோ, எங்கள் தட்டுமுட்டு எல்லாம். வழக்கறிஞரைப் பார்த்தோம். நிலம் அவனுடையது, அதில் சந்தேகமில்லை, கட்டிடம் யாருடையது என்று கேட்டால் நீதிபதி ஒரு வருஷம் யோசிப்பார் என்றார். அதற்குள் அவன் அதை வைக்கோல் கொட்டகையாக்கிவிடுவான். ஏற்கனவே ஆக்கத் தொடங்கியிருந்தான். ஜனவரியில் இரண்டு வண்டி வைக்கோல் உள்ளே போனதை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

கூடத்தைப் பெயர்த்து இழுத்துப் போகலாம் என்று சொன்னவர் எல்பிரிட்ஜ் நோய்ஸ். எருது ஓட்டுவதில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்சிய ஆள் கிடையாது. களஞ்சியங்களை, ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்தையே பனியில் இழுத்தவர். பிப்ரவரியில் தரை கல்லாக இறுகி, மேலே பனி வழவழப்பாக இருக்கும்போது செய்தால் அரை மைல் ஒரு பகலில் முடியும் என்றார். ஓரின் நாற்சந்தியில் இடம் தருவதாகச் சொன்னார். இந்த முறை பத்திரம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். ஓரின் முகம் சுருங்கியது. சுருங்கட்டும் என்று விட்டேன்.

பிப்ரவரி பதினாறு, விடியும்போது இருபத்திரண்டு ஜோடி எருதுகள் நின்றன. எல்லாவற்றுக்கும் பனிக்கு ஏற்ற கூர் லாடம். ஆண்கள் பூட்டை உடைத்து, வைக்கோலை வெளியே தள்ளி, அடுப்புக் குழாயைக் கழற்றினார்கள். ஜாக்கி வைத்துக் கட்டிடத்தை அங்குலம் அங்குலமாகத் தூக்கி, அடியில் அறுபதடி நீள ஸ்புரூஸ் மரம் இரண்டைச் சறுக்குக் கட்டையாகக் கொடுத்துச் சங்கிலியால் பிணைத்தார்கள். ஆல்மன் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்தான். ஷெரீஃபுக்கு ஆள் அனுப்பிவிட்டான் என்பது எங்களுக்குத் தெரியும். ஷெரீஃப் இருந்தது முப்பது மைல் தள்ளி. அன்று வந்து சேர முடியாது, மறுநாள் வந்துவிடுவார்.

எல்லாம் பூட்டி முடித்து, நாங்கள் சங்கிலி சரிபார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என் அண்ணி லோவினா பின்னல் பையோடு பனியில் நடந்து வந்தாள். ஒருவரிடமும் பேசாமல் பலகைப்படி ஏறி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். ஆல்மன் அனுப்பியிருந்தான். உள்ளே ஒரு பெண் இருக்கும்போது யார் கட்டிடத்தை அசைப்பார்கள் என்பது அவன் கணக்கு. கணக்கு சரிதான். எல்பிரிட்ஜ் கோலைக் கீழே ஊன்றிவிட்டார். "உள்ள ஆளிருந்தா நான் மாட்ட நகத்த மாட்டேன், சைரீனா. நடுவுல சாஞ்சா அந்தம்மா கதி என்னாகும்?"

நான் உள்ளே போனேன். சடங்கில் தானிய தேவதையாக வருகிறவளுக்கு மேடையோரம் ஒரு நாற்காலி உண்டு. ஆறு வருஷமாக அது லோவினாவுடையது. அதில் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னும் வைக்கோல் சிதறிக் கிடந்தது.

"எழுந்திரு அண்ணி. இது எனக்கும் அவனுக்கும் உள்ள சண்ட, உன்னுது இல்ல."

"உக்காரச் சொன்னாரு, உக்காந்திருக்கேன்."

"எழுந்திருக்கலன்னா ஆளுங்கள விட்டுத் தூக்க வேண்டிவரும்."

அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்தக் கூடத்துல போய் உக்காருன்னாரு. கூடம் எந்த எடத்துல இருக்கணும்னு அவரு சொல்லல." பிறகு, "பியானோவ இழுத்துக் கட்டுனீங்களா? உருண்டு எம்மேல விழப்போவுது" என்றாள்.

எனக்கு அவளை அதுவரை பிடிக்காது. வாயில்லாதவள், அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவள் என்றுதான் இருபது வருஷமாக நினைத்திருந்தேன். பியானோவை நானே இழுத்துக் கட்டினேன். வெளியே வந்து, அண்ணி வரச் சம்மதம் என்றேன். எல்பிரிட்ஜ் நம்பவில்லை, தானே படியேறிக் கேட்டுவிட்டு வந்தார். வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார், சிரித்தாரா என்று தெரியவில்லை.

எருதுகள் ஒன்றாக முன்னே சாய்ந்தன. முதலில் எதுவும் அசையவில்லை. பிறகு மரம் முனகியது, கூடம் நகர்ந்தது. ஒருவரும் ஆரவாரம் செய்யவில்லை; எருதுகள் மிரளும் என்று எல்பிரிட்ஜ் சொல்லியிருந்தார்.

ஆல்மன் நிலத்திலிருந்து பெரிய சாலைக்கு இருநூறடிப் பாதை. அதில் பாதி தூரம் போனபோதுதான் அவன் செய்ததைப் பார்த்தோம். அவனும் அவனுடைய இரண்டு கூலியாட்களும் பாதையின் வாயில் பனியைத் தரை தெரியும்வரை வாரி எறிந்துவிட்டு, மேலே அடுப்புச் சாம்பலையும் மணலையும் சாணியையும் பரப்பியிருந்தார்கள். சறுக்குக் கட்டை அதில் ஏறினால் வேர் பிடித்த மாதிரி நின்றுவிடும். ஆல்மன் அதன் நடுவில் சாணி அள்ளும் கவைக்கோலோடு நின்றான்.

"இது என் நெலம். ஓரடி முன்ன வைக்கக் கூடாது" என்றான்.

"நெலம் உன்னுது. அத நாங்க எடுத்துட்டுப் போகல" என்றேன்.

"அப்பா உயிரோட இருந்தா உன் மூஞ்சில துப்பியிருப்பாரு."

"ஓட்டுக்குத் தூக்கின கைய அப்பா கீழ எறக்குற ஆளில்ல. நீ அவரப் பத்திப் பேசாத."

பேச்சு அதற்கு மேலும் போனது. இரண்டு பேரும் சொல்லக் கூடாததைச் சொன்னோம். என் ஹைரமைப் பற்றி அவன் ஒன்று சொன்னான், அவனுக்குப் பிள்ளையில்லாததைப் பற்றி நான் ஒன்று சொன்னேன். லோவினா உள்ளே இருக்கிறாள் என்பது எனக்கு ஞாபகம் வந்தது சொன்ன பிறகுதான்.

வேகம் கொடுத்தால் தாண்டிவிடலாம் என்று எல்பிரிட்ஜ் முயன்றார். ஆல்மன் கடைசி நொடியில் ஒதுங்கினான். சறுக்குக் கட்டை சாம்பலில் கடித்து நின்றது, எருதுகள் நிற்கவில்லை. இடது பக்கச் சங்கிலி அறுந்து சாட்டை மாதிரி திரும்பி வந்து ஓரினின் முழங்காலில் அடித்தது. எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஓரின் சாணிமேல் உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆல்மனும் பார்த்தான். என் அண்ணனை ஏதாவது ஒரு விஷயத்தில் மன்னிக்க எனக்கு வழி இருந்திருந்தால், அந்த இடத்தில் இருந்திருக்கும். கவையைப் போட்டுவிட்டு அவன் ஒரு கை கொடுத்திருக்கலாம். அவன் தன் ஆட்களிடம், இன்னும் சாம்பல் கொண்டுவரச் சொன்னான்.

ஓரினைப் பனிவண்டியில் வைத்து அனுப்பினோம். ஹல்டா அவரோடு போவாள் என்று நினைத்தேன். அவள் மாமியாரை அனுப்பிவிட்டு, தன் கம்பளி மேலங்கியைக் கழற்றிப் பனியில் விரித்தாள். அதன்மேல் பனியை வாரிக் குவித்து, நான்கு முனையையும் பிடித்து இழுத்து வந்து சாம்பல்மேல் கொட்டினாள். என்னைப் பார்த்து, "தலைவரம்மா வேடிக்க பாக்குறீங்களா?" என்றாள்.

அதன் பிறகு இருந்த பெண்கள் எல்லோரும் இறங்கினோம். பால் வாளி, சலவைத் தொட்டி, ஏப்ரன், எது கிடைத்ததோ அதில் பனி. அவனுடைய ஆட்கள் சாம்பல் கொட்ட, நாங்கள் அதன்மேல் பனி கொட்ட, காலால் மிதித்து இறுக்க, மறுபடி சாம்பல். ஹல்டா ஒரு கூலியாளின் கூடையைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் வீசினாள். அவன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். உடனே ஆறேழு ஆண்கள் கோலோடு நெருங்கினார்கள். ஆல்மனுக்கு ஆள் இரண்டு. எங்களுக்கு அறுபது. அந்தக் கூலியாட்கள் கொஞ்ச நேரத்தில் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். ஆல்மன் தனியாக இன்னும் நாலைந்து கவை சாணி எறிந்தான். ஒன்று என் பாவாடையில் விழுந்தது. கை ஓய்ந்து அவன் நிறுத்தவில்லை, எறிய ஒன்றும் மிச்சமில்லாததால் நிறுத்தினான்.

பகல் ஒரு மணிக்குக் கூடம் சாலைக்கு ஏறியது. வெளிச்சம் மங்குவதற்கு முன் நாற்சந்தியில் நிறுத்தினோம். லோவினா இறங்கி வந்தாள். காலுறையில் குதிகால்வரை முடித்திருந்தாள். நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் கையைக் காட்டித் தடுத்துவிட்டாள். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றாள். வீட்டின் முன்கதவு தாழ்ப்பாள் போட்டிருந்ததாம். விறகுக் கொட்டகை வழியாகப் புகுந்து இரவுச் சாப்பாடு சமைத்தாளாம். அடுத்த கூட்டத்துக்கும் வந்தாள், அதற்கடுத்ததற்கும். ஆல்மன் அவளுக்குக் குதிரை பூட்டித் தரமாட்டான். பத்து வருஷம் நடந்தே வந்தாள்.

ஷெரீஃப் மறுநாள் வந்து, கூடம் இருந்த இடத்தில் வரிசையாக நின்ற அடிக்கற்களைப் பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். வழக்கு இரண்டு வருஷம் இழுத்து ஒன்றுமில்லாமல் போனது. ஓரினின் கால் கோணலாகத்தான் கூடியது. அந்த ஆண்டு கிழங்கு பெரும்பாலும் அழுகியது. ஆலைக்காரன் கடைசிவரை விலையை ஏற்றவில்லை. ஜெயித்தோம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். கூடம் எங்களிடம் வந்தது, அவ்வளவுதான். ஹல்டாவும் நானும் சிநேகிதிகளாகவும் ஆகவில்லை.

ஆல்மனும் நானும் பிறகு பேசவே இல்லை. சாலையில் எதிரெதிர் வண்டியில் வந்தால் இரண்டு பேருமே குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டு போவோம்.

தொண்ணூற்று நான்கிலிருந்து பத்தாவது வருஷம் அவன் வைக்கோல் பரணிலிருந்து விழுந்து செத்தான். லோவினா கூட்டத்துக்கு வந்து, அவனைச் சங்கச் சடங்கோடு புதைக்க வேண்டும் என்று கேட்டாள். பெயரை அடித்துக்கொண்டு போனவனுக்குச் சடங்கு கிடையாது, ஓட்டெடுத்து அனுமதித்தால்தான் உண்டு. அதற்குப் பெட்டி வைப்போம். வெள்ளை உருண்டை போட்டால் சம்மதம், கறுப்பு போட்டால் மறுப்பு. மூன்று கறுப்பு விழுந்தால் கோரிக்கை தள்ளுபடி.

ஓரின் தடியை ஊன்றி நொண்டி நொண்டிப் போய்ப் போட்டார். ஹல்டா போட்டாள். எல்பிரிட்ஜ் போட்டார். தலைவர் கடைசியாகப் போட வேண்டும், அப்போதும் நான்தான் தலைவர். நான் கறுப்பு போட்டேன். லோவினா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், நான் எதைப் போடுவேன் என்று அவளுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

பெட்டியைத் திறந்தபோது ஒரே ஒரு கறுப்புதான் இருந்தது. மற்றதெல்லாம் வெள்ளை. ஓரினுடையதும் வெள்ளை. கூடத்தில் இருந்த எல்லோரும் அந்த ஒன்று யாருடையது என்று புரிந்துகொண்டு தரையைப் பார்த்தார்கள்.

சடங்கை நடத்த வேண்டியது தலைவர். செவ்வாய்க்கிழமை நான் தோளில் பட்டை போட்டுக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. குழியின் தலைமாட்டில் நின்று, புத்தகத்தில் இருந்ததை ஒரு வரி விடாமல், எல்லோருக்கும் கேட்கிற குரலில் வாசித்தேன். நம்முடைய சகோதரன் என்ற வார்த்தை அதில் நான்கு இடத்தில் வருகிறது. நான்கு முறையும் சொன்னேன். பிறகு எல்லோரும் வரிசையாக வந்து பைன் கொத்து ஒவ்வொன்றைக் குழியில் போட்டார்கள். என் கையிலும் ஒன்று கொடுத்திருந்தார்கள். அதையும் போட்டேன்.

லோவினா என் பக்கத்தில் வந்து, "நல்லா வாசிச்ச" என்றாள். "புஸ்தகத்துல இருந்தத வாசிச்சேன்" என்றேன். அவள் தலையசைத்துவிட்டு, மழைக்கு முக்காட்டை இழுத்துக்கொண்டு மற்றவர்களோடு நடந்து போனாள்.